மேட்டுப்பாளையம் கார் ஷெட் அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணா.

ஊட்டி ரோடு, கோத்தகிரி ரோடு, அன்னூர் ரோடு, சிறுமுகை ரோடு என்று நம்ம ஊரில் ஷெட் வைத்திருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மலைக்குப் போகிற வண்டியும் மலையிலிருந்து இறங்குகிற வண்டியும் ஏதாவது கோளாறு என்றால் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். ராத்திரி பத்து மணிக்குக்கூட ஷட்டரைத் திறந்து வேலை பார்த்துக் கொடுப்பவர்கள் நீங்கள், அந்த உரிமையில்தான் பிரேக் வேலை பற்றி ஒன்று கேட்கிறேன்.

மலை இறங்கும்போது பிரேக் பெடல் உள்ளே போய்விட்டது என்று ஒருவர் வந்து சொன்னால், ஷெட் வாசலில் நாலு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பிடிக்குது" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கோளாறு உங்களிடம் வந்து சேரும்போது மறைந்துபோயிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். டாட் 3 என்கிற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபிறகு அந்த வரம்பு 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. வருடக்கணக்கில் மாற்றாத ஆயில், பிரேக் பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிப்பர் பக்கம் சூடாகிக் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளுமே தவிர பேடைத் தள்ளாது, பெடல் தரைக்குப் போய்விடும். கல்லாறு தாண்டி சமதளத்துக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றால் ஆயில் ஆறிவிடும், பெடலும் பழையபடி மேலே வந்துவிடும். ஓட்டி வந்தவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த வண்டி அதே ஆயிலோடு மறுபடி மலை ஏறுகிறது.

ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், நம்ம ஊர் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். சுமார் 50 கிலோமீட்டருக்குள் அவ்வளவு இறக்கம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகிற சக்தி, 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும் (கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆட்களையும் லக்கேஜையும் சேர்க்காமலேயே). இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் ஒரு பெரும் பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நாலாவது கியரிலோ நியூட்ரலிலோ இறங்குகிறவர்களுக்கு பெரும்பாலான சூடும் பேடுக்கும் டிஸ்குக்கும்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பாதை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, 36 கொண்டை ஊசி வளைவு.

அதனால் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: பிரேக் எப்படிப் போச்சு? பெடல் தரை வரை இறங்கியதா? அப்படியானால் ஆயில் கொதித்திருக்கலாம், இல்லை எங்காவது ஒழுகலாம், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கலாம். பெடல் மேலேயே இருந்தது, கருகல் வாசனை வந்தது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பு இழந்திருக்கிறது. மிதிக்கவே முடியாமல் இறுகிப்போச்சு என்றால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டரையும் அதற்குப் போகிற வேக்கம் ஹோஸையும் பாருங்கள், பெட்ரோல் மிச்சம் பண்ண இன்ஜினை ஆஃப் செய்து இறங்கினாரா என்றும் கேளுங்கள். இரண்டு நிமிடப் பேச்சு, பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் இந்த டாப் அப் பழக்கம். டப்பாவில் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மூடிவிடுகிறோம். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், அது பேட் தேய்ந்ததற்கான அடையாளம், ஒழுகலும் இருக்கலாம். பார்க்காமல் நிரப்பினால் அந்த அடையாளமே அழிந்துபோகிறது. நிரப்புகிற ஆயிலும் போன மழைக்காலத்தில் திறந்து, மூடி சரியாக இறுக்காமல் அலமாரியில் கிடந்த பாட்டிலாக இருந்தால் என்ன பிரயோஜனம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றச் சொல்லித்தான் பல கார்களின் சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. ஒரு லிட்டருக்குள்தான் வரும். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு அதுகூடத் தள்ளிப்போடக் கூடாத வேலை.

பின் சக்கரத்து டிரம்மையும் கழற்றுங்கள் அண்ணா. முன்னால் பேட் மாற்றியதோடு பிரேக் வேலை முடிந்தது என்று பில் போட்ட வண்டிகளில், பின்னால் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ ஆயிலில் ஊறிக் கிடக்கும். அந்த ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் இரண்டு நாள் பிடிக்கும், அவ்வளவுதான். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் வண்டி இழுக்கும்.

இன்னொன்று, இதை உங்களுக்காகவும் உங்களிடம் வேலை பழகுகிற பையன்களுக்காகவும் சொல்கிறேன். டிரம்மில் இருக்கிற தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். விலை குறைந்த ஷூவின் லைனிங்கில் (உரசித் தேய்கிற பகுதியில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பார்த்தால் தெரியாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது, அந்த நோய் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே வரும். ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ போதும். இருபது வயதுப் பையன் மூக்கில் கைக்குட்டைகூட இல்லாமல் அந்தக் கருப்புத் தூசியில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. "பேட் மட்டும் போடுங்க, ஆயில் அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பேரம் பேசுவது நாங்கள்தான். மற்ற வேலையில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள், பிரேக்கில் மட்டும் எங்களுக்காக இறங்கி வராதீர்கள். டாக்ஸிக்காவது எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதற்கப்புறம் வருடா வருடமும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) உண்டு. சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற வரை, அதாவது 15 வருடம், பிரேக்கை யாரும் கேட்கப்போவதில்லை. அதுவரை சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்.

ஏப்ரல், மே சீசன் தொடங்குவதற்குள் இதை மட்டும் செய்யுங்கள்: கழற்றிய பழைய பேடையும் ஷூவையும் வண்டிக்காரர் கையில் கொடுங்கள், ஆயில் மாற்றிய தேதியை பில்லில் எழுதுங்கள், மாட்டி முடித்ததும் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்தபிறகு வண்டிக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள். அதற்கு லேபர் கூடுதலாகக் கேளுங்கள், நான் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்களிடம் வண்டி விடுகிற ஊர்க்காரன்