ஊர்ப் பொது இடுகாடும் பூங்காவும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். ஊரில் இருப்பவர்களுக்கும், பணத்தை அனுப்பிவிட்டு "என்னாச்சு, என்னாச்சு" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்த வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். வேலை முடிந்துவிட்டது, கேட் பூட்டு உட்பட.

எதற்காக ஆரம்பித்தோம் என்பது பாதிப் பேருக்கு மறந்திருக்கும். பழைய இடுகாட்டில் இடமில்லை என்றுதானே சொன்னோம், உண்மையில் அங்கே நிலம் குறைச்சலில்லை, சிமெண்டுதான் அதிகம். ஒருவர் அப்பாவுக்குத் தளம் போட்டார், அடுத்தவர் அதைவிட ஒரு அடி உயர்த்தி டைல்ஸ் ஒட்டினார், மூன்றாமவர் கிரானைட் வைத்துக் கம்பியும் கட்டினார். கடைசியில் குழி வெட்டுகிற அண்ணாச்சி கடப்பாரையை எங்கே போட்டாலும் டங்கென்று கேட்டது. எரிப்பவர்களுக்கான கொட்டகை அங்கேயே இருக்கிறது, அதில் நாங்கள் கை வைக்கவில்லை.

ஊருக்கு மேற்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த தரிசை இடுகாட்டுக்கு எடுக்கலாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டதும் எல்லாம் முடிந்ததாக நினைத்தோம். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஃபைல் நடந்த நடையை எழுதினால் இந்த அறிக்கை தாங்காது, விடுங்கள். தரிசு, மயானப் புறம்போக்காக வகை மாறியது, ஊராட்சி உரிமம் கொடுத்தது, அவ்வளவுதான். பணம் நமக்கு நாமே திட்டத்தில்: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு நாம் போட்டது, மீதி அரசு.

அப்புறம் பூங்கா. "சுடுகாட்டுக்குள்ள எதுக்குய்யா பார்க்கு, காசு கூடிப்போச்சா?" என்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு, வாட்ஸ்அப்பில் கேட்டவர்கள் இன்னும் அதிகம். பதில் இதுதான்: அது நாங்கள் ஆசைப்பட்டுப் போட்டதில்லை, குழி வெட்ட முடியாத இடம். 1999-ஆம் வருஷத்து கிராம ஊராட்சி மயான விதிகளில், குடியிருப்பிலிருந்தும் குடிதண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் புதிதாக இடுகாடு வைக்கக் கூடாது என்று இருக்கிறது. ஊரின் மேற்குக் கடைசி வீட்டிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் டேப் பிடித்து அளந்தால், இடத்தின் கிழக்கோரம் ஒரு நீளப் பட்டை உள்ளே வந்துவிட்டது. அது போயிற்று.

மீதியில் தெற்குப் பள்ளம் போனது அண்ணாச்சியால். நாங்கள் சித்திரை மாசம் ஆறு அடிக்குக் குழி வெட்டிப் பார்த்து, மண் காய்ந்து சுவர் மாதிரி நிற்கிறது, அருமையான இடம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் குழிக்குள் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "சித்திரையில தோண்டினா எல்லாம் நல்ல நிலந்தான் ஐயா. கார்த்திகையில தோண்டிப் பாருங்க." சரி என்று வேலையை நிறுத்தி வைத்தோம், அதற்கும் திட்டு வாங்கினோம். கார்த்திகையில் மூன்று இடத்தில் வெட்டினோம். வடக்கு மேட்டில் ஆறு அடியிலும் வெறும் ஈரம். நடுவிலும் பரவாயில்லை. தெற்கில் நாலடி தாண்டும்போதே தண்ணீர் ஊறி, மறுநாள் காலையில் பார்த்தால் பக்கச் சுவர் சரிந்து குழி பாதி மூடியிருந்தது, உள்ளே ரெண்டு தவளை. அங்கே ஒருவரை அடக்கம் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தை இன்னும் ஆழப்படுத்திச் சின்ன ஊருணியாக விட்டு, கிழக்குப் பட்டையோடு சேர்த்து நடைபாதை போட்டோம். பூங்கா வந்த கதை இவ்வளவுதான்.

குழிகளுக்கென்று மிஞ்சியது 70 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. குழிக்கு எட்டுக்கு நாலு, சுற்றிலும் நடக்க வழி விட்டால் ஒன்றுக்கு 50 சதுர அடி, ஆகச் சென்ட்டுக்கு எட்டு, மொத்தம் 560. நிறைய மாதிரி தெரியும், ஆனால் ஒரு தலைமுறைக்குத்தான் வரும். ஆகவே புது இடத்தில் சிமெண்ட் கிடையாது. மண்மேடு, தலைமாட்டில் ஒரு எண் கல், வேண்டியவர்கள் சின்னச் சிலுவையோ செடியோ வைக்கலாம், அவ்வளவே. சென்னைக் கல்லறைகளில் குடும்பக் குழியையே 14 வருஷம் கழித்துத்தான் அடுத்த அடக்கத்துக்குத் திறக்கலாம் என்று நெடுங்காலம் வழக்கம் இருந்தது. சிங்கப்பூரில் 1998-இல் இருந்து ஒரு குழிக்கு 15 வருஷம்தான் என்று அங்கே வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவர் எழுதினார். நாமும் 15 என்று வைத்திருக்கிறோம், ஆட்சேபம் இருந்தால் கிராம சபையில் பேசுங்கள்.

உள்ளே தெருவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லி மூன்று பேர் வந்தார்கள். எந்தத் தெரு, எதற்குப் பிரிக்க வேண்டும் என்று நாங்களும் கேட்டோம், அவர்களும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிக்காகச் சுவர் நின்ற கதை எல்லாருக்கும் தெரியும். இங்கே இறந்த வரிசைதான் குழி வரிசை. சாதி பார்க்காத பொது மயானம் உள்ள சிற்றூர்களுக்கு அரசு 10 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது, விண்ணப்பிக்கப் போகிறோம். கிடைக்காவிட்டாலும் வரிசை மாறாது.

எங்கள் தப்புகளையும் சொல்லிவிடுகிறோம். முதல் தடவை பங்குனி வெயிலில் கன்று நட்டோம், பாதி காய்ந்தது, மீதியை ஆடு தின்றது. இரண்டாவது தடவை ஐப்பசி மழையில், 100 நாள் வேலைக்கு வந்த அக்காமார் குழி எடுத்துக் கொடுக்க, வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் நட்டு, கூண்டும் வைத்தோம், நிற்கிறது. கேட் இன்னொரு கூத்து. எட்டடி போதும் என்றோம், ஒப்பந்தக்காரரும் தலையாட்டினார். ஒத்திகைக்கு வந்த அமரர் ஊர்தி திரும்ப முடியாமல் நின்றது, பூ அலங்காரமே இல்லாமல். ஒரு தூணை இடித்துப் பன்னிரண்டடியாக்கினோம். அந்தச் செலவு குழு உறுப்பினர்கள் கையிலிருந்து போனது, உங்கள் பணத்தில் எழுதவில்லை. சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்து வேரோடு எடுத்தும் வடமேற்கு மூலையில் திரும்பத் துளிர்க்கிறது, அதற்கு இன்னும் ஒரு நாள் ஆள் வேண்டும்.

பெண்கள் மயானத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. இப்போது சாயங்காலம் அந்த நடைபாதையில் அவர்கள்தான் அதிகம்.

ரசீதுகள் எண் வரிசையில் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் போய்ப் புரட்டலாம். வரவு செலவு முழுவதையும் நவம்பர் 1 கிராம சபையில் வாசிக்கிறோம். சாவி அண்ணாச்சியிடம் ஒன்று, ஊராட்சியில் ஒன்று. பூங்காப் பக்கக் கதவுக்குப் பூட்டே போடவில்லை. துக்க வீட்டார் எண் கல் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இறப்பை 21 நாளுக்குள் விஏஓ-விடம் பதிந்துவிடுங்கள். மழைக்கு முன்னால் ஊருணி வரத்துக்கால் தூர் எடுக்க வேண்டும், வருகிற ஞாயிறு காலை ஆறு மணி, மம்பட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.