புதைக்கும் வாயுவுக்குக் கணக்கு யார் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் ஜூரோங் தீவுத் தொழிற்சாலைகள் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து இந்தோனீசியாவில் நிலத்துக்கடியில் சேமிக்கலாம் என்ற பேச்சு வந்தாலே, "ஒருநாள் வெடித்துடாதா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. ஏதோ பெரிய குகையில் வாயுவை அடைத்து வைப்பதாக நினைத்துக்கொள்கிறோம், அப்படியில்லை, 800 மீட்டருக்கும் கீழே உள்ள அழுத்தத்தில் அது திரவம் போல அடர்த்தியாகி மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது, மேலே வாயுவை விடாத பாறை மூடியிருக்கிறது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996ல் தொடங்கி இதைச் செய்து வருகிறார்கள். அதுவும் சும்மா இல்லை, 1991ல் அரசு கரிம வரி, அதாவது வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி, போட்டதால்தான்!

என் கவலை வேறு. ஆஸ்திரேலியாவின் கோர்கன் திட்டத்தில் எரிவாயு ஏற்றுமதி 2016லேயே தொடங்கிவிட்டது, வாயுவைப் புதைக்கும் வேலையோ 2019ல்தான். எரிவாயுவோடு வரும் கரியமில வாயுவில் 80 விழுக்காட்டைப் புதைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அளவை அவர்களால் எட்ட முடியவில்லை. இத்தனைக்கும் அனுபவம் இல்லாதவர்கள் நடத்தும் திட்டமும் இல்லை.

இங்கே 2030க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 2.5 மில்லியன் டன் வாயுவைப் பிடிக்கலாம் என்கிறார்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் 2026 முதல் கரிம வரி டன்னுக்கு 45 வெள்ளி, அது சுற்றி வளைத்து நம் மின்கட்டணத்திலும் வந்து சேர்கிறது. அப்படியிருக்க, நிறுவனங்கள் வரிக் கணக்கில் எதைக் கழித்துக்கொள்ளப் போகின்றன, பிடித்த டன்னையா, உண்மையிலேயே கீழே இறங்கிய டன்னையா? கப்பலில் ஏற்றியதை எல்லாம் புதைத்ததாக எழுதிவிடக் கூடாது. எவ்வளவு இறங்கியது என்று காலாண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும்.

அப்புறம், இந்தோனீசியா 2024ல் போட்ட விதிப்படி சேமிப்பு இடத்தில் 30 விழுக்காடுதான் வெளிநாட்டு வாயுவுக்கு, மீதி அவர்களுக்கே. நியாயம்தான், அவர்கள் நிலம். ஆனால் வாயுவை இறக்கிய கிணற்றை மூடி, நிறுவனமும் கிளம்பிப் போய், 30 வருடம் கழித்துக் கசிந்தால் அது யார் கணக்கு, சரிசெய்யும் செலவு யாருடையது? இரு நாட்டு ஒப்பந்தத்தில் இதைத் தெளிவாக எழுதி, முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்பே நமக்கும் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகர்