ஆண்டறிக்கை 2024–25: சொட்டுநீர் அப்புச்சியின் நினைவோடு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் சொட்டுநீர்ப் பாசன விவசாயிகள் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஆடியில் ஒன்று மட்டும் கிடா வெட்டு காரணமாகத் தள்ளிப்போனது. மானிய விண்ணப்பங்களுக்குச் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயிச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் வேலையை இளைய உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டார்கள். சிறு குறு விவசாயிக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் இருப்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் என் மனதுக்கு நெருக்கமானது ஒன்று உண்டு. ஒரு பயிற்சி நாளில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் லேட்டரல் பைப்பை, அதாவது செடி வரிசையோடு போகும் சொட்டுநீர்க் குழாயை, கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "ஏனுங்க, இதை மொதல்ல யோசிச்ச புண்ணியவான் யாருங்க? நாம அவரு பேரையாவது சொல்லலாமில்ல?" என்று கேட்டார். அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக அவருடைய தண்ணீரில் தென்னை வளர்த்திருக்கிறோம், பேர் தெரியாது. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்குள் தேடிப் படித்துவிட்டு வந்தேன். அன்று பேசியதை எழுதி வைக்கச் சொல்லித் தீர்மானம் போட்டிருப்பதால் இந்த அறிக்கையிலேயே சேர்த்திருக்கிறேன்.

அவர் பெயர் சிம்கா பிளாஸ். யூதர். 1897-இல், அப்போது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த போலந்தின் வார்சா நகரில் பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தார். பொறியியல் படித்தார். 1930 வாக்கில், பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். தண்ணீரைத் தேடுவதும் தூக்குவதும் கொண்டுபோவதும்தான் அங்கே அவருக்கு வாழ்நாள் வேலையாக அமைந்தது. 1937-இல் மெக்கோரோட் என்ற தண்ணீர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். உடன் இருந்த லெவி எஷ்கோல் பிற்காலத்தில் இஸ்ரேலின் பிரதமரானார்.

கதை தொடங்குவது 1930-களின் முற்பகுதியில். கார்க்கூர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி தன் வேலியோரம் வரிசையாக நின்ற மரங்களைக் காட்டுகிறார். எல்லாம் ஒரே மாதிரி நட்டவை. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு உயர்ந்து செழித்து நிற்கிறது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. பிளாஸ் குனிந்து பார்த்தார். பக்கத்தில் ஓடிய குழாயின் இணைப்பில் சிறு ஒழுக்கு. மேல்மண்ணில் தட்டளவு ஈரம்தான் தெரிந்தது. தோண்டினால், கீழே போகப் போக அந்த ஈரம் வெங்காயம்போல அகன்று வேரைச் சுற்றிப் பரவியிருந்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இணைப்பைக் கழற்றி நூல் சுற்றி, ஒழுக்கை அடைத்துவிட்டு வந்திருப்போம். அவர் அந்தச் சொட்டை மனதில் வைத்துக்கொண்டார். உடனே அதைச் செய்து பார்க்க வழியில்லை, அதற்கேற்ற பொருள் அன்று கிடையாது. இரும்புக் குழாயில் ஊசித்துளை போட்டால் துருவும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். அதனால் இருபது வருடத்துக்கும் மேல் அந்த எண்ணம் அவருக்குள்ளேயே கிடந்தது.

நடுவில் அவர் பார்த்த வேலைகள் பெரியவை. 1946 அக்டோபரில், யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவில், தெற்கே நெகேவ் வறண்ட நிலத்தில் ஒரே மூச்சில் 11 யூதக் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. அங்கே மழை நம் பல்லடம் பக்கத்தைவிடவும் மிகக் குறைவு. அவற்றுக்கு மறு ஆண்டே தண்ணீர்க் குழாய் போட்டது பிளாஸின் திட்டம். போர்க்காலத்தில் லண்டனில் குண்டுவீச்சுத் தீயை அணைக்கப் பயன்பட்ட பழைய குழாய்கள் அதற்கு வாங்கிவரப்பட்டன என்று படித்தபோது, பழைய பிவிசியைத் துண்டு துண்டாக ஒட்டி வாய்க்கால் தாண்டும் நம் ஆட்களின் நினைவுதான் எனக்கு வந்தது. அந்த மண்ணில் நிலமும் தண்ணீரும் தீராத சண்டைக்கு உரியவை, இன்றுவரை இரு பக்கமும் மக்கள் துயரப்படுகிறார்கள். அதை மறைத்துவிட்டு அவர் கதையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காவிரியையும் பவானியையும் பார்த்து வளர்ந்த நமக்குத் தண்ணீர்ச் சண்டையின் வலி தெரியும்.

1950-களின் நடுவில், நாட்டின் வடக்கிலிருந்து தெற்குக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெருந்திட்டத்தில் கருத்து வேறுபட்டு அரசு வேலையை விட்டு விலகினார். அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதில் நம்மூரில் மகனிடம் தோட்டத்தைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். அவரோ தன் மகன் யெஷயாகுவைக் கூட வைத்துக்கொண்டு பழைய சொட்டைத் திரும்ப எடுத்தார். அதற்குள் பிளாஸ்டிக் வந்திருந்தது.

அப்புறம் அவர் கண்டதுதான் விஷயம். சொட்டாக விழ வேண்டும் என்றால் துளையைச் சிறிதாக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சிறு துளை அடைத்துக்கொள்ளும். அவர் துளையை ஓரளவு பெரிதாகவே விட்டுவிட்டுத் தண்ணீர் போகும் வழியை நீளமாக்கினார். நீண்ட, சுற்றிச் சுற்றிப் போகும் மெல்லிய வழியில் தண்ணீர் உரசி உரசி வேகம் இழந்து, வெளியே வரும்போது சொட்டாகத்தான் விழும். கூட்டத்தில், சொட்டுவிடும் டிரிப்பர் உள்ளேயே பதித்த பழைய இன்லைன் பைப் ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினோம். உள்ளே டிரிப்பரில் கோணல்மாணலாகப் போகும் அந்தப் பாதையைப் பார்த்துவிட்டு, பல வருடம் டிரிப் போட்டவர்களே "அட, இதுக்குள்ள இவ்வளவு இருக்குதா?" என்றார்கள். நான்கு லிட்டர் டிரிப்பர் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, ஒரு மணி நேரத்துக்கு நான்கு லிட்டர் என்ற அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது அந்தக் கோணல் பாதைதான்.

1965-இல் ஹட்செரிம் என்ற கிப்புட்ஸோடு ஒப்பந்தம் போட்டார். கிப்புட்ஸ் என்பது அந்நாளில் நிலமும் வருமானமும் எல்லோருக்கும் பொதுவாக இருந்த கூட்டுப்பண்ணை. இந்த ஹட்செரிம், 1946-இல் ஒரே இரவில் உருவான அந்தப் 11 குடியிருப்புகளில் ஒன்று. பிளாஸ் முன்னொரு நாள் குழாய்த் தண்ணீர் அனுப்பிய அந்த ஊரிலிருந்துதான் நெட்டாஃபிம் என்ற பெயரில் டிரிப்பர்கள் வெளியே வந்தன. சில வருடங்களிலேயே, 1970-களில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாசனத்தில் ஆய்வு நடந்தது. 1982-இல் அவர் காலமானார்.

நம் பெரியவர்களும் கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தவர்கள்தான். கசிவின் அருமை நமக்குப் புதிதல்ல. அதை ஏக்கர் கணக்கில், ஒவ்வொரு வேருக்கும் ஒரே அளவில் கொடுக்கும் வழியை அவர் காட்டினார். நம் அப்பாருகள் கிணறு வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள், அந்தக் கிணறு வற்றாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர் இவர். "அப்படின்னா அவரு நமக்கு அப்புச்சிங்க" என்றார், முதலில் கேள்வி கேட்ட அதே பெரியவர். அன்றிலிருந்து நம் கூட்டங்களில் அவர் சொட்டுநீர் அப்புச்சி, சொட்டுநீர்த் தாத்தா.

அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அவர் கொடுத்ததை வீணாக்கக்கூடாது என்று முடிவு செய்து, புரட்டாசிக்குப் பிறகு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தோம். பார்த்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பல இடங்களில் லேட்டரல் சுருட்டி மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு படிந்து டிரிப்பர் அடைத்ததும், "இது ஆகாதுங்க" என்று மறுபடி மடை வெட்டிப் பாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட தோட்டங்களில் பைப்பின் கடைசி மூடியைக் கழற்றி அலசிவிட்டோம். தேவைப்பட்ட இடத்தில் ஆசிட் கலந்துவிட்டு, ஓர் இரவு நிறுத்தி வைத்து, காலையில் அலசினோம். பில்டரின் வட்டத் தட்டுகளைப் பிரித்துக் கழுவக் கற்றுக்கொடுத்தோம். அணில் கடித்த ஓட்டைகளுக்கு ஜாயின்டர் போட்டோம். ஒரு விதவைத் தாயின் தோட்டத்தில் அமைத்துக்கொடுத்த நிறுவனம், உடைந்த பில்டரை மாற்றித் தருவதாகச் சொல்லி மாதக்கணக்கில் அலைக்கழித்துவிட்டது. கடைசியில் சங்கச் செலவில் மாற்றினோம். அந்தச் செலவுக்கு இன்று உங்கள் ஒப்புதல் வேண்டும்.

தை மாதத்தில் ஒன்று செய்தோம். யூதர்களுக்கு மரங்களுக்கென்றே ஒரு புத்தாண்டு இருக்கிறது, தூ பிஷ்வாத் என்பார்கள். அதுவும் பௌர்ணமிக் கணக்குத்தான், அதனால் பல வருடங்களில் தைப்பூசத்தை ஒட்டியே வருகிறது. இந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11, அவர்களுடையது 13. பழனிக்கு நடந்துபோகும் பக்தர்களுக்கு 11 வரை நீர்மோர் கொடுத்துவிட்டு, 13 அன்று சாலையோரம் புங்கனும் வேம்பும் நட்டோம். இறந்தவரின் நினைவு நாளில் யூதர்கள் வீட்டில் விளக்கேற்றி வைப்பது வழக்கம். நமக்கும் அது தெரிந்த வழக்கம்தானே. நடுவதற்கு முன் அப்புச்சி பெயரைச் சொல்லி ஓர் அகல் ஏற்றினோம். பள்ளிப் பிள்ளைகள் வேர் பக்கம் டிரிப்பரைச் செருகினார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சாலையோரக் கன்றுகளுக்கு வாரம் இரண்டு நாள் வால்வு திறக்க வேண்டும். சித்திரைக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், வைகாசிக்கும் ஆனிக்கும் இன்னும் ஆள் இல்லை. கூட்டம் முடிந்து கிளம்புவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்