செயலாளர் ஆண்டறிக்கை – நெடுந்தூர ஓட்டக் குழு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறு ஓட்டத்தை காலை 5.30-லிருந்து 4.30-க்கு மாற்றியதுதான் இந்த ஆண்டு அதிகம் சர்ச்சையான தீர்மானம். "வெயிலில் ஓடத்தானே மனிதன் பிறந்தான்?" என்று சிலர் கேட்டார்கள். பாதி சரி. குதிகால் தசைநாண், பெரிய பிட்டத் தசை, தலையை ஆடாமல் பிடிக்கும் பிடரி நார், உடலெங்கும் 20 லட்சத்துக்குக் குறையாத வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் ஓட்டத்துக்கு உதவுபவை என்று 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிராம்பிளும் லீபர்மேனும் 'நேச்சர்' அறிவியல் இதழில் வாதிட்டார்கள். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலகாரி பாலைவனத்தில் சான் பழங்குடி வேட்டைக்காரர்கள் 40 டிகிரி வெயிலில் குடு மானைக் களைத்து விழும்வரை துரத்துவதும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் கலகாரி வறண்ட பூமி. அங்கே வியர்வை ஆவியாகும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். நம் கடற்கரையில் காற்றில் ஈரப்பதம் அதிகம். மே மாதம் பனியனைப் பிழியலாம். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. விடியலில் ஈரப்பதம் இன்னும் கூடுதல்தான். ஆனாலும் வெயில் இல்லை, காற்றின் சூடும் குறைவு. அதனால்தான் 4.30.

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் குறைந்திருந்தது. அப்படிப்பட்டவர் வாயில் மறுபடி தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒருவர் தள்ளாடி, உளறி, உடம்பு கொதித்தால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஐஸ் போட்ட தண்ணீரில் கழுத்துவரை உட்கார வையுங்கள். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர்விப்பது முதலில், ஆஸ்பத்திரி பிறகு. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கியாயிற்று. ஐஸை முந்தின நாளே வாங்கிவைக்கத்தான் யாரும் முன்வருவதில்லை.

வெறுங்கால் ஓட்டம்: ஷூவைக் கழற்றிய அன்றே 10 கிலோமீட்டர் ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் தாங்காது. முதல் வாரம் 400 மீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

உடல்நலத்துக்காக மட்டும் வருகிறவர்களை மாரத்தானுக்கு இழுக்க வேண்டாம். வாரம் 75 நிமிட வேக ஓட்டமே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவை எட்டிவிடும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஐஸ் பொறுப்புக்கு இரண்டு பெயர்கள் இன்றே வேண்டும்.