தோளில் ஏற்றுமுன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நீ வாங்க நினைத்திருக்கும் சாமான் பட்டியலை ஆறுதலாக இருந்து பார்த்தேன். கன்னங்குடாவில் கூத்தை முழுக்கப் படம் பிடிக்கப் போகிறாய் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். ஆடுகிறவர்களில் பலர் வயதாளிகள், அவர்கள் ஆடும்போதே எடுத்துவைக்க வேணும். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சம் மறைக்கிற மேட் பாக்ஸையும், தனியாகப் பூட்டிப் படம் பார்க்கிற மொனிட்டரையும் இப்போதைக்கு விடு மகள். இருக்கிற காசைக் கமராவைத் தோளில் ஏற்றுகிற தோள் தாங்கிக்கும் சத்தத்துக்கும் போடு.

நான் கல்யாண வீடுகளுக்குத் தூக்கித் திரிந்த வீடியோ கமரா தோளில் குந்தும். பின்னால் பற்றரி, முன்னால் லென்ஸ், பாரம் சமன். உன் கனன் 5டி மார்க் 2 கமரா அப்படியில்லை. 2008இல் அதில் வீடியோ வந்ததே தவிர, உடம்பு ஃபோட்டோ எடுக்கிற உடம்புதான். கமரா 810 கிராம், உன் பழைய 24-70 லென்ஸ் 950 கிராம். இதற்கு மேல் முன்னுக்கே பூட்டிக்கொண்டு போனால் மணிக்கட்டு தாங்காது. கூத்தோ விடிய விடிய நடக்கும்.

பின்னுக்கு எதிர்ப்பாரம் பூட்டக்கூடிய தாங்கியாகப் பார். கமரா பூட்டுகிற குழாய் 15 மில்லிமீட்டர் விட்டம், இரண்டு குழாய்க்கும் நடுவுக்கு நடு 60 மில்லிமீட்டர். இந்த அளவென்றால் வேறு கம்பனிச் சாமானும் பிறகு அதில் ஏறும். எதிர்ப்பாரத்துக்குக் காசு கொடாதே. இங்கே லேத் பட்டறையில் ஒரு இரும்புத் துண்டைத் துளைபோட்டு எடுத்துத் தாறேன்.

ரெக்கோர்டிங் தொடங்கியதும் இந்தக் கமராவிலிருந்து எச்டிஎம்ஐ வயரால் மொனிட்டருக்குப் போகிற படம் 480 வரிக்கு இறங்கிவிடும். மொனிட்டரில் ஃபோகஸ் சரியா பிழையா என்று பார்க்க ஏலாது. அதைவிடப் பின்திரையில் பொருத்தி அதைப் பெரிதாகக் காட்டுகிற லூப் நல்லது. கண்ணை அதில் அழுத்தினால் கமராவுக்கு இன்னொரு பிடியும் கிடைக்கும். தாங்கி கமராவைக் கண்ணுக்கு நேரே கொண்டுவருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு.

சக்கரத்தைத் திருப்பி ஃபோகஸ் மாற்றுகிற ஃபாலோ ஃபோகஸ் கட்டாயம் வேணும். கூத்தாடுகிற வட்டக்களரியில் ஆட்டக்காரர் சுழன்று கிட்ட வருவார், அதே வேகத்தில் விலகுவார். லென்ஸின் துவாரத்தை 2.8இல் திறந்து வைத்தால் கிரீடம் தெளிவாக விழும், முகம் கலங்கிப்போகும். 4க்கோ 5.6க்கோ மூடி, குறையும் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவைக் கூட்டு. சக்கரத்தின் வெள்ளைத் தட்டில் பென்சிலால் மூன்று கோடு கீறு, களரியின் இந்தக் கரைக்கும் நடுவுக்கும் அந்தக் கரைக்கும். நீ இடம் மாறினால் அழித்துவிட்டுப் புதிதாகக் கீறவேணும். அரங்கேற்ற இரவில் இதைப் பழக நேரம் இராது, அரங்கேற்றத்துக்கு முன் நடக்கிற ஒத்திகையான அடுக்குப் பார்த்தலுக்கே வந்துவிடு. ஷட்டர் 1/50இல் இருக்கட்டும், டியூப் லைட் மினுங்காது.

சத்தம்தான் எனக்குப் பெரிய யோசனை. ஒரு கோப்பு 4 ஜிபி ஆனதும், ஏறக்குறைய 12 நிமிடத்தில், கமரா நின்றுவிடும். பாட்டு நிற்காது. ஹெட்போன் குத்தவும் அதில் இடமில்லை. தனி ரெக்கோர்டர் ஒன்று இரவு முழுக்க ஓடட்டும். அதைக் கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் கிட்ட வைத்தால் பாட்டு அமுங்கிப்போகும். பிற்பாட்டுக்காரர் பக்கமாக, ஆள் உயரத்துக்கு மேலே கட்டு. கமராவின் சொந்த மைக்கையும் நிறுத்தாதே. சல்லாரித் தாளத்தின் அடி ஒன்றைப் பிடித்தே பிறகு இரண்டையும் பொருத்திவிடலாம்.

தாங்கியின் படத்தை வாங்குமுன் எனக்கு அனுப்பு. அடுக்குப் பார்த்தல் எப்போது என்று அண்ணாவியாரிடம் கேட்டு எழுதுகிறேன். இவ்வளவு சாமானோடு பஸ்ஸில் போகவேண்டாம், வலையிறவுப் பாலத்தால் ஓட்டோ பிடித்துப் போவோம். நானும் வாறேன்.

அன்புடன்,
அப்பா