மூக்கால் அழுவது: நண்பருக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள நண்பர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மயிலாடுதுறைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதையும், சிறுவர் கதையின் மொழிபெயர்ப்பு ஒரே ஒரு சொல்லால் பாதியில் நிற்பதையும் எழுதியிருந்தீர்கள். இங்கும் அதே மழைதான். முந்தி நட்டுக் குறுவையை அறுத்துவிட்டவர்கள் தப்பித்தார்கள். என் தம்பியின் வயலில் கதிர் சாய்ந்து கிடக்கிறது. வீட்டில் எல்லோரும் நலம். இனி உங்கள் சொல்லுக்கு வருகிறேன்.

ஆங்கில மூலக்கதையில் நாயும் 'வைன்' (whine) செய்கிறது, குழந்தையும் 'வைன்' செய்கிறது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவரும் அதையே செய்கிறார். மூன்று இடத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சொல் இல்லை என்பதே என் பதில். தேடித்தான் ஆக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் மனிதர் வாயிலிருந்து வரும் ஒலியையே குறிக்கவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு அம்பு போகும்போது எழும் கூரிய ஓசைக்குத்தான் அந்தப் பெயர். பிறகு நாய்க்கும் குழந்தைக்கும் வந்து, 16ஆம் நூற்றாண்டில்தான் 'சளைத்த குரலில் குறை சொல்லுதல்' என்ற பொருளை எடுத்துக்கொண்டது. இத்தனை மாறியும் ஒலியின் உருவம் மட்டும் மாறவில்லை: மேல் சுருதியில், மெல்லியதாக, விடாமல் இழுபடும் ஓசை. ஆகவேதான் கொசுவின் சத்தத்துக்கும், பேரிங் தேய்ந்த மோட்டார் 'ஙொய்' என்று இழுப்பதற்கும், பல் மருத்துவரின் துளைக்கருவிக்கும் ஆங்கிலேயர் இதே சொல்லைச் சொல்கிறார்கள். இதற்கு நேர் எதிரில் நிற்பது 'கிரம்பிள்' (grumble). அது அடித்தொண்டையில் உருளும் தாழ்ந்த ஒலி. தூரத்து இடிக்கும் பசித்த வயிற்றுக்கும்கூட ஆகும். நம் 'முணுமுணுப்பு' அதற்கு நெருக்கமானது. இரண்டையும் ஒன்றாக்கி 'முணுமுணுத்தான்' என்று எழுதும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பாத்திரத்தின் குரலே மாறிப்போகிறது.

நாம் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படி. அம்பும் மோட்டாரும் நாயும் ஒலி எழுப்பும்போது 'வைன்' என்ற சொல் வெறும் ஒலியைத்தான் சொல்கிறது. மனிதனைப் பற்றிச் சொல்லும்போதோ, அதனுள் ஒரு தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது: இவன் சொல்லும் குறை சிறியது, இவன் ஆண்பிள்ளையாக இருந்தாலும் பெண்பிள்ளையாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம், கேட்கிற எனக்கு அலுத்துவிட்டது என்று. அந்தத் தீர்ப்பு கேட்பவருடையது, பேசுபவருடையது அன்று. ஆங்கிலேயர் யாரும் தம்மைப் பற்றி இச்சொல்லை மனமார ஆள்வதில்லை. 'வைன் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்' என்று மறுப்பதற்கோ, தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதற்கோதான் எடுக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க் கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, அறுத்த நெல் நனைந்து முளைக்கத் தொடங்கிவிட்டது, கொள்முதலுக்கு 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பைத் தளர்த்துங்கள் என்று கேட்டால், அது முறையீடு. அதையே ஒரு செய்தியாளர் ஆங்கிலத்தில் 'வைன் செய்தார்' என்று எழுதிவிட்டால், விவசாயி சொன்னதில் ஓர் எழுத்தும் மாறாமலேயே அவருடைய மானம் போய்விடும். இந்தச் சொல்லைக் கண்டால் 'இது யாருடைய காதில் விழுந்த ஒலி' என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதன் கிளை ஒன்றும் உண்டு: 'விஞ்ச்' (whinge). ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்கிவந்த பழைய சொல் அது. அதில் ஒலியைவிட ஓயாமல் குறைசொல்லும் குணமே முன்னால் நிற்கும். இங்கிலாந்திலிருந்து குடியேறி வெயிலையும் ஈயையும் பழித்துக்கொண்டே இருந்தவர்களை ஆஸ்திரேலியர்கள் இந்தச் சொல்லை அடைமொழியாக்கித்தான் கிண்டல் செய்தார்கள். 'விம்பர்' (whimper) என்பது வேறு. அச்சத்திலோ வலியிலோ வாய்விட்டு அழவும் முடியாமல் வருகிற தேம்பல் அது. கேட்பவருக்கு இரக்கம்தான் பிறக்கும், எரிச்சல் வராது.

இன்னொன்று. 'வைன்' என்று அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிடலாமே என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். வேண்டாம். இன்று ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோர் இதையும் திராட்சை மதுவையும் ஒன்றுபோலவேதான் உச்சரிக்கிறார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து போன்ற சில இடங்களில்தான் முன்னால் ஒரு மூச்சுவிட்டு வேறுபடுத்துகிறார்கள். சிறுவர் கதையில் நாய் 'வைன்' செய்தது என்று அச்சானால், பள்ளிக்கூடத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வரும்.

தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், நம்மிடம் பஞ்சமே இல்லை. காய்ச்சல்காரன் அனத்துகிறான், நோயாளி முனகுகிறான், செல்லக் குழந்தை சிணுங்குகிறது, வேண்டியதைப் பெறுகிறவரை விடாத பிள்ளை நைநை என்கிறது, மனம் நொந்தவர் புலம்புகிறார். இவற்றில் பலவற்றுக்கு இரக்கமும் உரிமையும் உண்டு. சிணுங்கலில் ஒரு கொஞ்சல்கூட இருக்கிறது. அதை ஆங்கிலச் சொல் தாங்காது. புலம்பலோ நெடுந்தூரம் நடந்துவந்த சொல்: 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியம். தனித்திருத்தலைக் குறித்த சொல், தனித்திருப்பவர் எழுப்பும் குரலுக்குப் பெயராயிற்று. அதனாலேயே கிழவருக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். புலம்பினார் என்றால் வாசகன் அவர் பக்கம் சாய்ந்துவிடுவான்.

ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் தீர்ப்பையும் சேர்த்தே தருகிற தமிழ், அகராதியில் தனிச்சொல்லாக அகப்படாது, வீட்டில்தான் இருக்கிறது. சென்ற வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்த பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு சிறுமி. பாபநாசத்தில் சன்னலோரம் கொய்யாப்பழக் கூடை வந்தது. 'அம்மா, வாங்கித் தாயேன்' என்று ஆரம்பித்தவள், வண்டி கிளம்பிய பிறகும் நிறுத்தவில்லை. வாயைப் பாதி மூடி, கடைசி ஏகாரத்தை மூக்குக்குள் ஏற்றி, தாராசுரம் வரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'மூக்கால அழாத' என்றார். நாசியில் எழும் ஒலி, சிறிய குறை, கேட்பவரின் அலுப்பு ஆகிய மூன்றும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டன. ஆங்கிலப் பேராசிரியர் எவரும் இதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது என்பது என் கட்சி.

ஆகவே என் யோசனை இது. நாய்க்கு 'முனகியது' போதும். கதவு திறக்கக் காத்திருக்கும் நாய் என்பதால் 'வாலைக் குழைத்து முனகியது' என்றால் இன்னும் நன்று. குழந்தைக்கு, தாயின் காதால் கேட்கும் இடத்தில் 'சிணுங்கியது' என்றும், பக்கத்து வீட்டுக்காரி கேட்கும் இடத்தில் 'நைநை என்றது' என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். கிழவர்தான் சிக்கல். மருமகன் எரிச்சலோடு கேட்கும் முதல் இடத்தில் 'மூக்கால் அழுதார்' என்று துணிந்து எழுதலாம். கடைசி அத்தியாயத்தில் அவருடைய குறை உண்மையானதுதான் என்று தெரிந்த பிறகும் ஆசிரியர் அதே ஆங்கிலச் சொல்லை ஆண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டுமென்றே செய்ததா, பழக்கத்தில் விழுந்ததா என்பதை முன்பின் பக்கங்களைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. அந்த அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பிவையுங்கள். தீபாவளிக்கு முன் அனுப்பினால், பிள்ளைகள் வந்து வீடு நிறைவதற்குள் படித்துப் பதில் எழுதிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பள்ளிச் சகா