எந்த நாட்காட்டியின் தேதி என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் ‘வரலாற்றில் இன்று’ பகுதிகளிலும் மாணவர்களுக்கான வினாடி வினாக்களிலும் ஐரோப்பிய நிகழ்வுகளின் தேதிகள் வெறும் எண்களாகவே வருகின்றன. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகப் பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிய 1582க்கும் 1923க்கும் இடைப்பட்ட தேதி என்றால், அது எந்த நாட்காட்டிப்படி குறிக்கப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். நூற்றாண்டு மாறும் சமயத்தில் இது மிக மிக அவசியம்.

நமக்கு நெருக்கமான ஒன்றையே பார்ப்போம். பின்னாளில் சிங்கப்பூரில் கால்பதித்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதலாம் எலிசபெத் அரசி சாசனம் வழங்கிய நாள் 1600 டிசம்பர் 31. இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்ட பாரிசிலும் ரோமிலும் அன்று 1601 ஜனவரி 10. லண்டன் கணக்கில் அது இன்னும் 16ஆம் நூற்றாண்டு. பாரிஸ் கணக்கில் 17ஆம் நூற்றாண்டு பிறந்து பத்தாவது நாள். கம்பெனி எந்த நூற்றாண்டில் உருவானது என்று கேட்டுவிட்டு ஒரே விடைக்கு மட்டும் மதிப்பெண் தருவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

தேதியை மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த நாடு எப்போது மாறியது என்பது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1582 அக்டோபரில் மாறின. பிரிட்டன் 1752 செப்டம்பரில். ரஷ்யா 1918 பிப்ரவரியில். அடுத்து, எத்தனை நாள் கூட்டுவது? தொடக்கத்தில் இடைவெளி 10 நாள். ஜூலியன் முறையில் நான்கால் வகுபடும் எல்லா ஆண்டும் லீப் ஆண்டு. கிரெகோரியன் முறையிலோ நூற்றாண்டு ஆண்டுகள் 400ஆல் வகுபட்டால்தான் லீப். 1600 இரண்டிலும் லீப் என்பதால் இடைவெளி கூடவில்லை. 1700 பிப்ரவரிக்குப் பின் 11, 1800இல் 12, 1900இல் 13 என்று வளர்ந்தது. ரஷ்யப் புரட்சியின் அக்டோபர் 25 நவம்பர் 7 ஆனதை மனத்தில் வைத்துக்கொண்டு, எல்லாத் தேதிக்கும் 13 கூட்டிவிடுகிறார்கள். கவிஞர் புஷ்கின் பிறந்தது பழைய கணக்கில் 1799 மே 26. அதற்கு 11தான் கூட்ட வேண்டும். ஜூன் 6 வரும்.

நாளைச் சரிசெய்தாலும் ஆண்டு காலை வாரிவிடும். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. இத்தாலியச் சிந்தனையாளர் ஜியோர்டானோ புரூனோ ரோமில் எரித்துக் கொல்லப்பட்டது 1600 பிப்ரவரி 17. அன்று லண்டன் எழுத்தர் 1599 பிப்ரவரி 7 என்றே எழுதியிருப்பார். எலிசபெத் அரசி மறைந்த மார்ச் 24ஐ அக்கால ஆவணங்கள் 1602இல் வைக்கும். நாம் 1603 என்கிறோம்.

இதைவிடச் சிக்கலானது சுவீடன். ஒரேயடியாக மாறாமல், நாற்பது ஆண்டுகளில் லீப் நாள்களை மட்டும் விட்டுவிட்டு மெல்ல மாறத் திட்டமிட்டார்கள். 1700இல் அந்த நாளை விட்டார்கள். போர் மூண்டதும் 1704லும் 1708லும் விட மறந்தார்கள். 1700இல் விட்ட அந்த ஒரு நாளால், ரஷ்யாவுடன் நடந்த நார்வா போருக்கு மூன்று தேதிகள்: ரஷ்யாவில் 1700 நவம்பர் 19, சுவீடனில் 20, கிரெகோரியன் கணக்கில் 30. கடைசியில் 1712இல் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்து, சுவீடன் ஜூலியனுக்கே திரும்பியது. முழுமையாக மாறியது 1753இல்தான்.

மாற்றியது சரியா என்று பார்க்கக் கிழமை கைகொடுக்கும். நாட்காட்டி மாறியபோதும் கிழமை வரிசை அறுபடவில்லை. பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2 புதன், மறுநாள் 14 வியாழன். கிரெகோரியன் முறையில் 400 ஆண்டுக்கு 1,46,097 நாள், அதாவது மிச்சமில்லாமல் 20,871 வாரம். ஆகவே 1601 ஜனவரி 10இன் கிழமை தெரிய, கைத்தொலைபேசியில் 2001 ஜனவரி 10ஐப் பாருங்கள்: புதன். சாசன நாளும் புதன்தான்.

நாட்காட்டிகள் வேறுபடுவதால் தேதி நகர்வது நம் பொங்கலுக்கும் உண்டு. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். நம் சூரிய ஆண்டு கிரெகோரியன் ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம் என்பதால், இன்று அது 14, 15இல் வருகிறது.

பிரிட்டன் மாறிய பிறகு, 1819 பிப்ரவரி 6இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கையெழுத்திட்ட ஒப்பந்தம் போன்றவற்றுக்கு எந்தக் குறிப்பும் தேவையில்லை. மற்றவற்றுக்கு மூல ஆவணத்தில் உள்ள தேதியை முதலில் போட்டு, பக்கத்தில் புதிய கணக்கைச் சேர்த்தால் போதும்: ‘1600 டிசம்பர் 31, புதிய கணக்கில் 1601 ஜனவரி 10’. மாற்றிய தேதியை மட்டும் அச்சிட்டால், படிப்பவர் அதை மறுபடியும் மாற்றிவிடும் ஆபத்து உண்டு.

வாசகர்,
தோ பாயோ